கணக்குப் போடாத அல்ஜீப்ராக்காரர்

பல்கலைக்கழகத்தில் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்தையும் மேலிருந்து பார்த்துப் பரிதாபப்படுகிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்: எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு அல்ஜீப்ரா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு திரியும் பேராசிரியர்.

கருத்தரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று பேசுகிறவன் நிம்மதியாக இருப்பான். பேச்சு முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, இது ஏற்கெனவே தெரிந்த கணித அமைப்புதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பார். கான்டீன் வரிசை அவருக்கு ஒரு அமைப்பு. வீட்டில் மனைவி கோபித்துக்கொண்டால் அதுவும் ஏற்கெனவே வகைப்படுத்தப்பட்டதுதான். இந்த மனிதர் கடைசியாக ஒரு கணக்கை விடை வரைக்கும் போட்டது எப்போது? அவருக்கே ஞாபகமில்லை.

அவருடைய பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். துகள் இயற்பியலில் கணக்குப் போட்டால் விடை முடிவிலி என்று வந்து நிற்கும். அதைக் கழித்தால்தான் உருப்படியாக ஒரு எண் கிடைக்கும். கணக்குக்கு ஒரு படம், படத்தில் வளையங்கள், வளையத்துக்குள் வளையம். உள்ளே இருப்பதன் முடிவிலியை முதலில் கழிக்க வேண்டும், பிறகுதான் வெளியே. எது எதற்குள் என்பதை மரமாக வரையலாம்: பெரியது வேர், உள்ளிருப்பவை கிளைகள். அந்தக் கிளைகளை எப்படியெல்லாம் வெட்டலாம் என்பதற்குத்தான் அல்ஜீப்ரா. அழகான விஷயம், அதனோடு எனக்குச் சண்டை இல்லை. மரத்தை வரைந்துவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறவரோடுதான் சண்டை.

அவரிடம் ஒரு ஆராய்ச்சி மாணவி மாட்டினாள். வெளியூர் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டம் வந்தால் போய்ச் சேரலாம். ஒரே ஒரு சிக்கலான படத்தோடு மல்லுக்கட்டி, கண் எரிய எரிய உட்கார்ந்து விடை கண்டு, ஆய்வேடாக எழுதிக் கொண்டுவந்தாள். அவர் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. பலகையில் ஒரு மரம் வரைந்தார். இந்த மரத்துக்கு உன் விடையில் ஓர் உறுப்பு அதிகமாகத் தொங்குகிறது, எங்கேயோ தப்பு என்று தீர்ப்பு வழங்கினார்.

"சார், இந்த ரெண்டு சின்ன வளையமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இல்ல. நடுக்கோட்டை ரெண்டும் பங்கு போட்டுக்குது. இதை முதல்ல கழிச்சா ஒரு மரம், அதை முதல்ல கழிச்சா இன்னொரு மரம். ரெண்டையும் கூட்டணும் சார்."

"அதெல்லாம் டீடெயில்மா. அமைப்பு சரியா இருந்தா டீடெயில் தானா வந்து உட்காரும்."

ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவில்லை, திருத்திக்கொண்டு வா என்றார். சரியாக இருப்பதை எப்படித் திருத்துவது? அவள் மறுபடி மறுபடி போட்டாள், அதே விடை வந்தது. ஆய்வகம் பொறுத்துப் பார்த்தது.

அதற்குள் நம்மவர் ஒரு மாநாட்டுக்குப் போனார். இப்படிப் பின்னிக்கிடக்கும் வளையங்களுக்கு ஒரு மரம் போதாது, மரங்களைக் கூட்ட வேண்டும், இதை அல்ஜீப்ராவே நமக்குச் சொல்கிறது என்று உருகி உருகிப் பேசினார். பலத்த கைதட்டல். கட்டுரையாகவும் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், பயனுள்ள உரையாடலுக்காக ஒரு மாணவிக்கு நன்றி.

இவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? எங்கள் மேலாளர் அச்சு அசல் இவர்தான், என் மைத்துனரும் இதே ரகம், ஆள்தான் வேறு, அமைப்பு ஒன்றுதான் என்று தலையாட்டிக்கொண்டே படித்தீர்களா? தாராளமாக ஆட்டுங்கள். அந்த ஆய்வக வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அவள் என்ன ஆனாள் என்று கேட்க உங்களுக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.