அரசர் வயதுக்கு மேல் ஒன்று

தளராபுரி என்றொரு ராஜ்ஜியம். அதன் அரசர் அசையாவர்மருக்கு வயது எண்பத்தொன்று. அவருடைய பல்லக்கில் முன்கொம்பு தூக்குகிறவன் மாசானம். வயது அறுபத்தாறு. தோள்பட்டையைத் தொட்டாலே ‘அம்மா’ என்பான். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கும்வரை ஒருநாளாவது தூங்க வேண்டும். பாவம், அவ்வளவுதான் அவன் ஆசை.

முன்பெல்லாம் அறுபதில் ஓய்வு. அவன் அறுபதைத் தொட்ட வாரமே அதை அறுபத்தைந்தாக்கினார்கள். அறுபத்தைந்தைத் தொட்டானோ இல்லையோ, எழுபது! இந்த வருஷம் மந்திரி நெடுஞ்சொல்லார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரேயடியாக வாசித்துவிட்டார்:

“வேலையை விட்டால் முதியோர் வாடிவிடுவார்கள் என்று ஆய்வுக்குழு கண்டறிந்துள்ளது. ஆகவே, இனி ஓய்வு வயது என்பது அரசர் வயதுக்கு மேல் ஒன்று. அவருக்கு ஏற ஏற, அதுவும் ஏறும்.”

“அப்போ நாங்க எப்பத்தான் வீட்டுக்குப் போறது, எஜமான்?” என்றான் மாசானம்.

“ஏன் போக வேண்டும்? களைத்தால் உட்காரப் பல்லக்கில் ஒரு முக்காலி சேர்த்திருக்கிறோமே!”

அந்த முக்காலியையும் பல்லக்குத் தூக்குகிறவர்களேதான் சுமக்க வேண்டியிருந்தது. அடேயப்பா, என்ன கரிசனம்!

அரசர் பிறந்தநாள் வந்தது. கூடவே ஓய்வு வயதும் எண்பத்துமூன்றுக்கு ஏறியது. ஊரே லட்டைக் கஷாயம் மாதிரி முழுங்கியது. மாசானம் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை நடுவே போய்க் கும்பிட்டான்.

“தப்பா நெனைக்காதீங்க மகாராஜா. எண்பத்திரண்டுன்னு எவன் சொன்னான்? தினம் உங்களைச் சுமக்குறவன், எனக்குத் தெரியாதா? நாற்பத்தஞ்சைத் தாண்டவே தாண்டாது!”

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “மந்திரி! ஏட்டில் நாற்பத்தைந்து என்றே எழுதும்.”

மறுத்துப் பேச மந்திரிக்கு இருந்தது ஒரே ஒரு தலை. எழுதினார். எழுதிய பிறகுதான் உறைத்தது, ஓய்வு வயது இப்போது நாற்பத்தாறு என்று!

பொழுது சாய்வதற்குள் ராஜ்ஜியத்தின் பெரிசுகள் எல்லாம் கும்மாளமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். மந்திரிகள் மட்டும் போகவில்லை. எழுபத்தெட்டு வயது நெடுஞ்சொல்லார் உட்பட அத்தனை பேரும் அதே ஏட்டில் முப்பத்தொன்பது ஆகிவிட்டார்கள்.

மறுநாள் பல்லக்குத் தூக்க வாட்டசாட்டமான இளவட்டங்கள் வந்தார்கள். வருஷக்கணக்காக வேலைக்குக் காத்திருந்தவர்கள். அவர்களில் ஒருவன் வெள்ளந்தியாகக் கேட்டான்: “நாற்பத்தஞ்சு வயசுல பல்லக்கு எதுக்குங்க மகாராஜா? நடந்தே வாங்க, ஜோரா இருக்கும்!”

ஏட்டில் ஏறிவிட்டதே, என்ன செய்வது? அரசர் நடந்தார். பின்னாலேயே முப்பத்தொன்பது வயது மந்திரிகள் மூச்சிரைக்கத் தத்தித் தத்தி வந்தார்கள்.

வழியில் மாசானத்தின் வீடு. அவன் அப்போதுதான் எழுந்து, வாசலில் நின்று ஆனந்தமாகச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தான். அரசர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

“மாசானம், கால் ரெண்டும் கெஞ்சுதப்பா. ஏதாவது மருந்து இருக்கா?”

“மருந்தெல்லாம் எதுக்கு மகாராஜா?” என்றான் மாசானம், மெய்யான பிரியத்தோடு. “வீட்டுக்குப் போங்க. தானா சரியாப்போயிடும்.”