மாப்பிள்ளை போட்டுக்கொடுத்த எடைமேடை ப்ரோகிராம்

புதுவாயல்,
வெள்ளிக்கிழமை.

சகல குணங்களும் பொருந்திய மாப்பிள்ளை வைகுந்த் அவர்களுக்கு, மாமனார் ஆராவமுதன் மிகுந்த ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். லாரிகளை ஏற்றி எடை போடும் நம் எடைமேடை ஒருமாதிரி சௌக்கியம். உங்களையும் எங்கள் ஹம்ஸாவையும் வீரராகவப் பெருமாள் குறைவின்றி வைத்திருப்பாராக.

போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம், போனில் என் குரல் தானாக உயர்ந்துவிடும். "மாப்பிள்ளைகிட்ட ஒரு குறையும் சொல்லப்படாது. சொன்னா அங்கே நம்ம பொண்ணுக்குத்தான் சங்கடம்" என்று உங்கள் மாமியார் தினமும் எனக்குப் பாடம் நடத்துகிறாள். எனவே இதில் குறை எதுவும் இருக்காது.

ஊரெல்லாம் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள். நீங்களோ மாமனாரின் கம்ப்யூட்டரில் எடைச்சீட்டு அடிக்க ப்ரோகிராம் போட்டுக்கொடுத்தீர்கள். கூடவே 'தெரிந்த பிழைகள்' என்று ஒரு தாளையும் சுவரில் ஒட்டினீர்கள். பிழையையும் செய்து, அதற்குப் பரிகாரமும் எழுதிக்கொடுக்கும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வரும்? முதல் பிழை, ஒரு வண்டிக்குச் சீட்டு அடித்தபின் ப்ரோகிராமை மூடித் திறக்காவிட்டால், அடுத்த வண்டிக்கும் அதே சரக்கின் பெயர் வரும் என்பது. நம் ஆபரேட்டர் எழிலரசன் ஒரு தடவை மூட மறந்தான், அவ்வளவுதான். பழைய இரும்பு ஏற்றிவந்த லாரி டிரைவர் தேசப்பனுக்கு முன்னால் போனது முட்டை லாரி. இரும்பு உருக்கும் மில்லின் வாசல் வரைக்கும் போன தேசப்பன் திரும்பி வந்து, "இன்னா சார், நான் இரும்பு ஏத்திக்கினு போனா நீ முட்டைன்னு சீட்டு குட்த்துக்கிற? கேட்ல செக்யூரிட்டி ஆம்லெட் கேக்குறான் சார்!" என்று கத்தினான். சரக்கின் பெயரில்தான் தவறு, எடை சரியாகத்தான் இருந்தது என்று உங்களுக்காக நான் வாதாடினேன்.

இரண்டாவது பிழை, என்டர் பட்டனை இரண்டு தரம் தட்டினால் ஸ்கிரீன் உறைந்துவிடும். தானாகத் தெளியும்வரை எதையும் தொடக்கூடாது. எழிலரசன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, டிரைவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள். வராத வண்டிக்கும் எடை காட்டுவது மூன்றாவது. வந்தவனைக் காக்கவைத்தாலும் வராதவனைக் கவனிக்கிறதே என்று நாங்கள் நெகிழ்ந்துபோனோம். இதற்குள் லாரி வரிசை சர்வீஸ் ரோட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட, போலீஸ்காரர் வந்து என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்.

நேற்று மில்லின் போக்குவரத்து மேனேஜர் நர்மதா நேரிலேயே வந்தார். "சார், இன்னொரு தப்பு சீட்டு வந்தா எங்க வண்டியெல்லாம் கவரப்பேட்டை மேடைக்குப் போயிடும், அப்புறம் என்கிட்ட வருத்தப்படாதீங்க" என்றார். மில் வண்டிகள் போனால் நான் மேடையில் வடகம்தான் காயவைக்க வேண்டும். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆகையால் திங்கள் முதல் உங்கள் ப்ரோகிராமுக்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டு, பழையதையே போடச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் மனம் நோகக்கூடாது. ஆனானப்பட்ட ப்ரோகிராம் அது. அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எங்களுக்குத்தான் இல்லை.

இருவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வாழ்த்தும்,
ஆராவமுதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஹம்ஸா போன் செய்தாள். ப்ரோகிராமை எடுக்கப்போகிறேன் என்றதும் அழுதுவிட்டாள். "அப்பா, அது அவர் எழுதினதில்லை. நான்தான் ராத்திரி பகலா உக்காந்து எழுதினேன். அவர் பேரைச் சொன்னாத்தான் நீங்க பொறுமையா இருப்பேள். என் பேரைச் சொல்லியிருந்தா அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சிருப்பேள்" என்றாள். எறிந்துதான் இருப்பேன். ஆனால் இத்தனை பெரிய காரியத்தை என் பெண் தனியாகச் செய்திருக்கிறாள் என்று கேட்டதும், எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய ப்ரோகிராம் வேண்டாம் என்று எழிலரசனிடம் சொல்லிவிட்டேன். நர்மதாவின் காலில் விழுந்தாவது ஒரு வாரம் தவணை வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஹம்ஸாவை அவசியம் அனுப்பி வையுங்கள். அவளிடம் என்றால் எல்லாப் பிழையையும் வாய்விட்டுத் திட்டிச் சொல்லலாம், அவளும் பதிலுக்குக் கத்திக்கொண்டே சரிசெய்துவிடுவாள். நீங்களும் வரலாம்.