குருவிச் சத்தம் இல்லாத ஒரு நிமிடம்

"கூப்பிட்ட குருவி உள்ள இல்லேன்னா, வந்த குருவி என்னப்பா செய்யும்?"

ஜெனட் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவின் மோட்டார் சைக்கிளில், கோலசிலாங்கூர்ப் பட்டணத்தில் ஒரு குருவி வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். குருவிக் கூட்டுச் சூப்புக்கு நல்ல கிராக்கி உண்டு. அதற்காக ஜன்னல் இல்லாத இருட்டுக் கட்டடம் கட்டி, குருவிகளின் சத்தத்தைப் பதிவு செய்து, ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஓடவிடுவார்கள். யாரோ சொந்தக்காரர் கூப்பிடுகிறார் என்று நம்பிக் குருவி உள்ளே போகும்.

அப்பா காப்ரியலுக்குப் பதில் தெரியவில்லை. "பேசாம புடிச்சிக்கிட்டு உக்காரு" என்றார். பதினேழு வருடங்கள் கழித்தும் அவருக்குப் பதில் தெரியாது. அந்தக் குருவிகள் ஒரு நாள் தன் தொண்டையிலேயே கை வைக்கும் என்பதும் தெரியாது.

"வணக்கம் ஜெனட். அப்பா பேசுறேன்" என்று திங்கட்கிழமை சாயந்திரம் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்த கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார். பதிவை ஓட்டிப் பார்த்தார். முதலில் குருவிகள் பேசின. பிறகு தலைக்கு மேல் சுற்றிய காற்றாடி பேசியது. கடைசியில், கிணற்றுக்குள் விழுந்த ஆளைப் போல அவர் பேசினார்.

"குருவிக்குத்தான் பொறந்த நாளா?" என்றாள் அவர் மனைவி எவலின், வெங்காயம் உரித்துக்கொண்டே.

சனிக்கிழமை ஜெனட்டுக்குப் பிறந்த நாள். அவள் அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். பதினோரு மாதங்களுக்கு முன் அவள் புறப்பட்ட அன்று, செம்பனை எண்ணெய் ஆலைக்கு லோரி ஓட்டும் காப்ரியல், "போறதா இருந்தா திரும்பி இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லி, அவளுடைய அறைக் கதவை ஓங்கி அறைந்தார். அறைந்த வேகத்தில் உள்ளே ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள் இரண்டு கழன்று விழுந்து உடைந்தன. அடுத்த நாளே அறையைப் பூட்டி, சாவியைத் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் மாட்டினார். அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

ஞாயிறுதோறும் மகள் அம்மாவுக்கு அழைப்பாள். அந்த நேரம் பார்த்துக் காப்ரியல் லோரி கழுவப் போய்விடுவார். ஆலையில் இத்தனை சுத்தமான லோரி வேறு யாரிடமும் இல்லை.

போன வாரம் மாதாகோயில் கூண்டில் முட்டிபோட்டு, பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதார். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொன்னா போதுமா? அவகிட்ட சொல்லுங்க" என்றார். நேரில் அழைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வீடியோ. நான்கே வரிகள். அதில் மூன்றாவது வரிதான் முக்கியம்: நான் பேசினது தப்பு, என்ன மன்னிச்சிடும்மா.

காற்றாடியை அணைத்துவிட்டு மறுபடி பேசினார். வியர்வை கண்ணில் இறங்கியது.

"பாக்குறவ, அப்பா அழுவுறாருன்னு நெனச்சுப் பயந்திடுவா" என்றாள் எவலின்.

கைப்பேசியின் ஓட்டையில் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணி ஊசியால் குத்தினார். டக்கென்று பக்கவாட்டில் ஒரு சின்ன டிராயர் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கைப்பேசிக் கடைக்குப் போனார்.

"அங்கிள், நீங்க குத்துனது மைக் இல்ல, சிம் கார்டு ஓட்டை" என்றாள் கடைப்பெண் மாதவி. சிரிக்காமல் சொன்னாள், அது அவளுடைய நல்ல குணம். "சத்தமில்லாத இடமாப் பாத்துப் பேசுங்க லா. மெத்தை, போர்வையெல்லாம் சுத்தி வெச்சா எக்கோ இருக்காது."

அன்று சாயந்திரம் நடுக்கூடத்தில் இரண்டு மெத்தைகளை நிமிர்த்தி, மேலே போர்வை போர்த்தி, உள்ளே உட்கார்ந்தார். எவலின் வந்து போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, வீட்டுலயும் பாவசங்கீர்த்தனமா?"

பதிவில் குருவிகள் இன்னும் தெளிவாகக் கேட்டன. முன்பு கும்பலாகக் கத்தியவை இப்போது தனித்தனியாகக் கத்தின. மறுநாள் மாதவி காரணம் சொன்னாள்: "சுத்தி அமைதியானா ஃபோன் காத நல்லாத் தீட்டிக்கும் அங்கிள். சின்னச் சத்தத்தையும் பெருசாக்கிடும். குருவி எங்க கத்துதோ அங்கதான் நிறுத்தணும்."

குருவி எங்கே கத்துகிறது என்பதில் காப்ரியலுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு சோமு மூன்று வருடங்களுக்கு முன் தன் வீட்டின் பின்புறம் ஒரு குருவி வீடு கட்டினார். ஓய்வு பெற்றபோது வந்த பணம் முழுவதும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. மூன்று வருடங்களாக ஒலிபெருக்கி கூப்பிடுகிறது; ஒரு குருவியும் கூடு கட்டவில்லை. அந்தச் சத்தம் தாமான் குடியிருப்பு முழுக்கப் பழகிப்போய், யார் காதிலும் விழுவதே இல்லை.

புதன்கிழமை வேலியருகே போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுக்கா அண்ணே இவ்ளோ இழுக்குறீங்க? அஞ்சரையிலேருந்து ஏழு வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். தாராளமாப் பேசுங்க" என்றார் சோமு.

அன்று ஐந்தரைக்குப் பேசினார். கேட்டார். குருவிகள் இருந்தன. ஆறு மணிக்குப் பேசினார். அப்போதும் இருந்தன. ஆறரைக்கு, கல்யாண வீடு போலக் கத்தின.

காப்ரியலுக்கு ரத்தம் கொதித்தது. வேலிக்குப் போய், "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் சோமு. நிறுத்துறேன்னு சொல்லிட்டு மெதுவா ஓடவிடுறது என்ன பழக்கம்?" என்றார்.

சோமு ஏதோ சொல்ல வாயெடுத்தார். காப்ரியலின் வீட்டுப் பக்கமாக ஒரு தரம் பார்த்தார். பிறகு, "இல்லண்ணே, நிறுத்தித்தான் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"வாய் கூசாம பொய் சொல்றான் பாரு" என்றார் காப்ரியல்.

எவலின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல. நீங்க கோவத்துல பேசினத நெறைய பாத்திருக்கேன்."

வியாழக்கிழமை மாதவி ஒரு செயலியைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். பின்னணிச் சத்தத்தை அதுவே உறிஞ்சிவிடுமாம். நாலு வரியையும் பேசி, செயலிக்குள் விட்டு எடுத்துக் கேட்டார். குருவி போயிருந்தது. "ஜெனட். அப்பா பேசுறேன். சாப்பிட்டியா?" என்று கணீரென்று கேட்டது. அதன் பிறகு அவர் வாய் மட்டும் அசைந்தது. பிறகு, "உடம்பப் பாத்துக்க" என்று முடிந்தது.

மூன்றாவது வரியைக் காணவில்லை.

உடனே கடைக்கு அழைத்தார். "அத மட்டும் மெதுவாச் சொன்னீங்களா அங்கிள்?" என்று கேட்டாள் மாதவி. "மெதுவா இருக்குறதெல்லாம் தேவையில்லாத சத்தம்னு அது நெனச்சுக்கும். அந்த வரிய நல்லா ஓங்கிச் சொல்லுங்க."

பதினோரு மாதமாகத் தொண்டைக்கு மேலே ஏறாத வரி அது. காப்ரியல் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். லோரிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் கூப்பிடும் குரலில், "நான் பேசினது தப்பு, என்ன மன்னிச்சிடு" என்று கத்தினார்.

எதிர் வீட்டு நாய் குரைத்தது. தெருவில் போன ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சோமுவின் குரல் வந்தது.

"விடுங்கண்ணே. நான் நேத்தே மன்னிச்சிட்டேன்."

காப்ரியல் கைப்பேசியோடு வேலிக்கு வந்தார். சோமு ஒரு பப்பாளிப் பழத்தையும் ஒரு சாவியையும் வேலிக்கு மேலாக நீட்டினார். "குருவி வீட்டுச் சாவி. சந்தேகம் வந்தா நீங்களே போய்ப் பாத்துக்குங்க. என்கிட்ட வேற ஒண்ணு இருக்கு."

இது உனக்குச் சொன்னதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கேட்காத மன்னிப்பு ஒன்று, பழுத்த பப்பாளியோடு கைக்கு வந்துவிட்டது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

வெள்ளிக்கிழமை ஆலையில் வேலை முடிய நேரமாகிவிட்டது. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு, பதிவு செய்யும் முன்பாக, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் குருவி வீட்டைத் திறந்தார். உள்ளே இருட்டு. ஒலிபெருக்கியின் சுவிட்ச் அணைந்திருந்தது. அணைந்திருந்த சுவிட்சை அவர் தொட்டுப் பார்த்தார். கூடு கட்டுவதற்காக அடித்த பலகைகள் காலியாக வரிசையாக நின்றன. மாதாகோயிலில் பூசை முடிந்த பிறகு இருக்குமே, அப்படியொரு அமைதி.

வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தார். கூடத்தில் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

கைப்பேசியில் இடத்துக்கு இடம் பதிவு செய்து, ஓட்டிக் கேட்டபடி நடந்தார். சமையலறையில் குறைந்தது. கூடத்தில் கூடியது. பூட்டிய அறைக்கு முன்னால் நின்றபோது, காதருகே கத்துவது போலக் கேட்டது.

எவலின் திரு இருதயப் படத்தை நகர்த்தினாள். படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கதவு திறந்தது. இரண்டு கண்ணாடிப் பட்டைகள் இல்லாத இடைவெளி வழியாகச் சாயந்திர வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அந்தக் கோட்டின் வழியாகக் குருவிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிக்கொண்டிருந்தன. கூரைப் பலகையின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கூடுகள். சிலவற்றில் சின்ன அலகுகள் தெரிந்தன. கீழே ஜெனட்டின் கட்டில், மேசை, பள்ளியில் வாங்கிய கேடயம், எல்லாவற்றின் மேலும் எச்சம் கணுக்கால் உயரத்துக்கு மேடு தட்டியிருந்தது.

காப்ரியல் மெத்தை வைக்கவில்லை. செயலியைத் திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே கைப்பேசியை உயர்த்தி, தனக்கு வரும் மெல்லிய குரலில் நாலு வரியையும் சொல்லி, மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் கைப்பேசி அடித்தது. லோரி கழுவப் போக வழியில்லை. எவலின் வாசலை மறித்து நின்றாள்.

"அப்பா." பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். "நீங்க என்ன சொன்னீங்கன்னு ஒண்ணுமே கேக்கலப்பா. ஒரே குருவிச் சத்தம். இன்னொரு தடவ சொல்றீங்களா?"

நாக்கு ஒட்டிக்கொண்டது. எவலின் அவர் முதுகில் கை வைத்தாள்.

சொன்னார்.

"அம்மா சொல்லலியா?" என்றாள் ஜெனட். "கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன். எங்க தங்குறதுன்னுதான் தெரியல. வாசப்படிய மிதிக்கக்கூடாதே."

"வா. ஆனா உன் ரூம்ல ஆளு இருக்கு" என்றார் காப்ரியல். சொல்லிவிட்டு, விட்டுப்போன லோரிகளையெல்லாம் சேர்த்துக் கழுவலாம் போல அழுதார்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் நேரே வேலிக்குப் போனார். சோமு கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, சோமுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவரு கூப்பிட்ட குருவியெல்லாம் என் வீட்டுல இருக்கும்மா."

புஷ்பவள்ளி கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"அவருக்கு மொதல்லேருந்தே தெரியும்ணே. சாயந்திரமானா நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. ஏன் சொல்லலன்னு கேட்டேன். பொண்ணு போன வீட்டுல குருவியாச்சும் இருக்கட்டும்னாரு. நம்ம வீட்டுலதான் ஒண்ணும் கூடு கட்டலயே, ஸ்பீக்கர நிறுத்திடலாமேன்னேன். நிறுத்தினா அங்க இருக்கறதும் போயிடும்னு தெனம் போட்டு விடுறாரு."

காப்ரியல் வீட்டுக்குத் திரும்பினார்.

புதிய குருவி வீட்டில் பழைய குருவியின் எச்ச வாடை இருந்தால்தான், இங்கே நம்மவர்கள் குடியிருக்கிறார்கள் என்று குருவிகள் நம்பும். அது அந்தத் தொழில் செய்கிற எல்லாருக்கும் தெரியும். எச்சம் சுலபத்தில் கிடைக்காது என்பதும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் சோமுவும் புஷ்பவள்ளியும் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எவலின் செபமாலைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஆலைக்கு லீவு போட்டிருந்த காப்ரியல், குஞ்சுகள் மிரளாதபடி மெதுவாகக் கூட்டி, மகளின் அறையிலிருந்து நான்கு உர மூட்டை எச்சம் அள்ளினார். முதுகில் சுமந்து, ஒவ்வொன்றாக சோமுவின் குருவி வீட்டுக்குள் கொண்டுபோனார். தரை முழுக்கத் தூவினார். மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, பலகைகளின் ஓரத்திலும் தன் கையாலேயே பூசினார். வேலைக்காக நிறுத்தியிருந்த ஒலிபெருக்கியை மறுபடி போட்டார். அது கூப்பிடத் தொடங்கியது.

பிறகு கதவைப் பூட்டினார். தன் கால் தடங்களைத் துடைப்பத்தால் பெருக்கி அழித்துக்கொண்டே பின்னோக்கி நடந்து, வீட்டுக்குள் போய்க் குளித்தார்.