ஊரியரின் நெருப்புப்பெட்டிகள்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களைவிடப் பெரிதாகச் சத்தம் போட்டவர் எங்கள் ஊரியர்தான். ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் அரசாங்கக் கந்தோரின் களஞ்சியப் பொறுப்பாளர். உழுந்தளவு கடல் நத்தைகளின் ஓடுகளை, அதாவது ஊரிகளை, சேர்த்து வைப்பதால் அந்தப் பெயர். நான் அவருக்கு மேலதிகாரி. அது அவருக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை.

புதிதாக வந்த லிகிதர் பெண் ஒருமுறை ஆசையாக ஓர் ஊரியைக் கொண்டுவந்து காட்டினாள்.

"எங்க பொறுக்கினது, பிள்ளை?"

"அம்மாவோட நிலாவெளிக்குப் போனனான், ஐயா. அலை அடிக்கிற கல்லில கிடந்தது."

"பொய்! கல்லில இருக்கிறதுக்கு ஓடு தடிப்பு. இது மெல்லிசு, சேத்தில நிக்கிற கண்டல் மரத்தில ஏறுறது. கப்பல்துறைப் பக்கம் ஆரோட போனனீங்கள்?"

அவள் முகம் சிவந்தது. அம்மாவோடு போகவில்லை என்பது கந்தோருக்கே தெரிந்துபோனது.

ஒவ்வோர் ஊரிக்கும் ஒரு நெருப்புப்பெட்டி. உள்ளே ஒரு கடதாசித் துண்டு: எந்தக் கல், எந்த மரம், தண்ணீர் எதுவரை ஏறும். "இடம் தெரியாட்டி ஊரி வெறும் சுண்ணாம்பு, சேர்!" என்று என் மேசையில் குத்துவார்.

கொழும்பிலிருந்து பரிசோதனைக்கு ஆட்கள் வரவிருந்தார்கள். களஞ்சியம் முழுக்க நெருப்புப்பெட்டி என்றால் என்னைப் பற்றி என்ன எழுதுவார்களோ என்று பயந்தேன். ஊரியர் அன்று லீவு. நானே பெட்டிகளைத் திறந்து, ஊரிகளை ஒரு ஜேம் போத்தலில் கொட்டினேன். பெட்டிகளையும் துண்டுகளையும் கொளுத்தினேன். போத்தலை என் மேசையில் அழகுக்கு வைத்தேன். ஒரு மனிதனின் ஆயுளைப் பத்து நிமிடத்தில் சுண்ணாம்பாக்கினேன். இத்தனை படித்து என்ன மண்ணாங்கட்டிக்கு? இன்றும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் ஊரியர் வந்து போத்தலைப் பார்த்தார். ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"வடிவாயிருக்கு, சேர்."

அவ்வளவுதான். கந்தோரில் எல்லோரையும் ஏசினார். என்னை மட்டும் அதன்பிறகு ஏசவேயில்லை.

இப்போது இருவருமே ஓய்வில். ஞாயிறுதோறும் நான் ஊரி பொறுக்கி, நெருப்புப்பெட்டியில் இட்டு, இடம் எழுதி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். "வையுங்கோ, சேர்" என்பார். வேறு கதையில்லை. போன ஞாயிறு இரண்டு துண்டுகள் தவறுதலாக மாறிவிட்டன.

"கண் தெரியேல்லையோ உமக்கு? கண்டல் ஊரி எப்பிடியப்பா கல்லில இருக்கும்? விசர் மனுசன்!"

தெருவே எட்டிப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இந்த ஞாயிறுக்கும் ஒரு துண்டை மாற்றித்தான் வைத்திருக்கிறேன். அவர் கண்டுபிடித்துவிடுவார்.