மூச்சு மேடமும் முப்பத்திரண்டாம் தேதியும்

எங்கள் ஊரில் மலையைச் சுற்றி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியவர்கள் ஏராளம். நாற்காலியை விட்டு நகராத கம்ப்யூட்டர்காரர்களை அப்படி மூச்சு வாங்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார் என்பதில் எனக்கு இன்றுவரை தலைகொள்ளாத கர்வம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூச்சு மேடம். மேடம் என்றதும் நரைத்த தலையையும் மூக்குக் கண்ணாடியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடும் குடும்பம். தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். ஊரில் உள்ள லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். அந்த மென்பொருள் முழுவதும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர் 'கிரிவலம்'. மேலிருந்து கீழே போய்ச் சேர்வதற்குள் கால் வலிக்கும், அதாவது விரல். "டேய், அடி அண்ணாமலை வந்துட்டியா?" என்று மலை சுற்றும் வழியில் உள்ள ஊரைச் சொல்லி ஒருவன் கேட்பான். "எங்கடா, இப்பதான் கெளம்பினேன்" என்பான் இன்னொருவன். அதில் எதையாவது தொட்டால் வேறெங்கோ உடையும். அதனால் யாரும் எதையும் தொடுவதில்லை. புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் கடைசியில் ஒட்டிவிட்டு, சாமியை வேண்டிக்கொண்டு எழுந்துவிடுவோம்.

மேடம் சேர்ந்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுதிய ஒரு ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பை, திரையில் பார்த்தார்.

"இது என்ன பண்ணுதுங்கண்ணா?"

"ரூம் காலியா இருக்கானு பாக்கும்மா. அப்புறம் வாடகை போடும். அப்புறம் எஸ்.எம்.எஸ். அனுப்பும். அப்புறம்…"

"இருங்கண்ணா. இத்தனை அப்புறம் வருதுன்னா இது ஒரு ஆள் இல்ல, ஒரு கூட்டுக் குடும்பம். தனித்தனியா குடி வச்சிடுங்க."

அதோடு விட்டாரா? எழுந்து நின்று, அந்த ஃபங்ஷனை வாய்விட்டு ஒரே மூச்சில் படிக்கச் சொன்னார். படித்தேன். பாதியில் கண் இருட்டியது. "மூச்சு முட்டுற எடத்துல வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் இதுவே சட்டம். கீழே காபி குடிக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், மாடியில் வரிசையாக நின்று மூச்சை அடக்கி ஓதும் எங்களைப் பார்த்து, பிராணாயாம வகுப்பில் சேர இடம் இருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். அச்சடித்த நிரலை மேடம் முணுமுணுத்துக்கொண்டே வருவதைப் பார்த்த பக்கத்து சீட் அம்மா, "எந்த சாமி ஸ்லோகம்மா? எனக்கும் சொல்லிக் குடு, பையனுக்குப் பொண்ணே அமைய மாட்டேங்குது" என்று கேட்டாராம்.

அடுத்த சண்டை ஃபங்ஷன்களின் பெயர்களுக்காக. நாங்கள் 'டெம்ப்', 'டெம்ப் டூ', 'டெம்ப் ஃபைனல்', 'டெம்ப் ஃபைனல் நியூ' என்று பெயர் வைத்துப் பழகியவர்கள். "பெத்தவங்க இதுங்களுக்கு ஒரு பேர் கூட வைக்கலையாண்ணா? அநாதை மாதிரி நிக்குதுங்க" என்பார். எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டு விழா நடந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்: அறை காலியா, வாடகை எவ்வளவு, பௌர்ணமி எப்போது.

கொடுத்த வேலையை முடித்த பிறகு, கிரிவலத்திலிருந்து ஒவ்வொரு ஃபங்ஷனாக எடுத்துத் தனி ஃபைலில் வைப்பார். வைத்ததும் எல்லாம் முன்போலவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் எழுதுவார். நடுவில் எதையாவது திருத்தலாம் என்று நான் கை வைத்தால் தட்டிவிடுவார். "வீடு மாத்துறப்ப பீரோவுக்கு பாலிஷ் போடக்கூடாதுங்கண்ணா. மொதல்ல கொண்டு போய் எறக்குங்க. அப்பால போடலாம்."

இது முதலாளிக்குத் தெரிந்தது. கோபமாக வந்து நின்றார்.

"ஏம்மா, இத்தனை நாளா என்னமோ நோண்டுறியாமே. ஸ்கிரீன்ல என்ன மாறியிருக்கு, காட்டு."

"ஒண்ணுமே மாறல சார்" என்றார் மேடம், முகமெல்லாம் மலர.

"ஒண்ணும் மாறலையா?"

"ஒண்ணும் மாறாம எல்லாத்தையும் மாத்திட்டேன் சார்!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிறகு மேடத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்த நாளைப் பார்த்தால் பௌர்ணமி. அதுவும் மாதக் கடைசி, முப்பத்தொன்றாம் தேதி. பௌர்ணமியன்று கிரிவலம் வருகிற கூட்டம் லாட்ஜ் லாட்ஜாக அலையும் என்பதால் நானும் முதலாளியும் மட்டும் அலுவலகத்தில் காவல் இருந்தோம். மற்றவர்கள் பட்டும் வேட்டியுமாகக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டார்கள்.

காலையில் முதல் போன் வந்தது. "என்ன சார், சாவியெல்லாம் ஆணியில தொங்குது, உங்க சாப்ட்வேர் ஒரு ரூமும் இல்லைங்குது! ஆந்திராவுலேந்து பஸ்ஸு பஸ்ஸா வந்து நிக்கறாங்க." அடுத்த போனும் அதே. அதற்கடுத்ததும் அதே. ஊரில் உள்ள அத்தனை லாட்ஜும் காலி, அத்தனை திரையிலும் 'அறை இல்லை'.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "அந்தப் பொண்ணுக்கு போன் போடறேன்."

"சார், தாலி கட்டற நேரம் சார்!"

"கட்டிக்கிட்டே சொல்லட்டும்யா!"

"போனை வைங்க சார். நான் பாக்கறேன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அந்த அலுவலகத்தின் மிகச் சுமாரான புரோகிராமர் நான். பழைய கிரிவலமாக இருந்திருந்தால் மறு பௌர்ணமிவரை சுற்றியிருப்பேன். ஆனால் இப்போது 'பௌர்ணமி' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே நாலைந்து குட்டி ஃபைல்கள். அதில் ஒன்றின் பெயர் 'அடுத்த நாள்'. பௌர்ணமி இரண்டு தேதிகளில் விழும் என்பதால் மறுநாளையும் சேர்த்துப் பார்க்கும் ஃபங்ஷன் அது. திறந்தேன். எந்தக் காலத்திலோ யாரோ எழுதிய ஒரு வரி: தேதியோடு ஒன்றைக் கூட்டு.

முப்பத்தொன்றோடு ஒன்று. எங்கள் மென்பொருள் முப்பத்திரண்டாம் தேதிக்கு அறை தேடிக்கொண்டிருந்தது! அப்படி ஒரு நாளே இல்லாததால், அறையே இல்லை என்று கையை விரித்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலண்டரைப் பார்த்து அடுத்த நாளைச் சொல் என்று அந்த வரியை மாற்றினேன். மேடம் எழுதி வைத்திருந்த டெஸ்டுகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை, அத்தனையும் பாஸ். முதலாளியின் போன் அடித்தது, காலையில் முதலில் கூப்பிட்ட லாட்ஜ்காரர். "தெரியுதுங்க, ரூம் தெரியுதுங்க!" முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு, நானும் ஒரு புரோகிராமர்தான் என்று நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான்.

மதியம் மண்டபத்துக்குப் போனோம். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் முதலாளி, "நான்தாங்க அன்னைக்கே சொன்னேன், தனித்தனியா பிரிச்சு வைம்மானு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடை ஏறி, நடந்ததை மேடத்தின் காதில் சொன்னேன்.

மாலையும் கழுத்துமாக நின்றவர் சட்டென்று திரும்பினார். "எந்த ஃபைல்ணா?"

"அடுத்த நாள்."

"உடனே கெடச்சுதா?"

"டீ ஆறதுக்குள்ள கெடச்சுதும்மா."

அவர் கண் கலங்கியது. அடுத்த நொடியே, "முப்பத்தொண்ணாந் தேதிக்கு ஒரு டெஸ்ட் எழுதினீங்களா?" என்றார். "மேடம், கொஞ்சம் கேமராவப் பாருங்க" என்று கெஞ்சினார் போட்டோகிராபர். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் என்னை முறைத்தார்.

அந்தப் படம் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை, உறவுக்காரர்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்க, மணப்பெண் மட்டும் என் பக்கம் திரும்பி வாய் நிறையச் சிரிக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரென்று கேட்கும்போதெல்லாம் குரலைச் செருமிக்கொண்டு சொல்வேன்: "எங்க ஆபீஸ் பொண்ணுங்க."