களத்தில் நான் சேர்த்த முரண்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பார்கள். என் விஷயத்தில் அது ஆளை விட்டுவிட்டு மிளகாய் வத்தலைக் கெடுத்தது.

அப்போது சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கலை வரலாறும் கலை விமர்சனமும் முதலாமாண்டு படித்துக்கொண்டிருந்தேன். (ஊரில் கேட்டவர்களிடம் என்னைப் பெற்ற அய்யா 'ஏதோ ஆர்ட்ஸ் குரூப்பு' என்று சொல்லிச் சமாளித்தார்.) ஒரே பருவத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இலையில் பொரியல் வைத்த இடம் சரியில்லை, சமநிலை குலைகிறது என்று சொல்லி, பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடப்பட்டவன் நான்.

கோடை விடுமுறைக்குப் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். சொந்த ஊரில் கண்ணில் படும் ஒரு காட்சியைப் படமெடுத்து, அதன் நிறம், கோடு, சமநிலை பற்றி நான்கு பக்கம் எழுத வேண்டும். ராமநாதபுரத்துக்காரன் என்பதற்காக ராமேஸ்வரம் பிரகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே என்று என்னை மட்டும் தனியாக எச்சரித்தார். நான் அதைத்தான் தூக்கிவருவதாக இருந்தேன்.

எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். நான் போன நேரம் குண்டு மிளகாய் பறித்துக் களத்தில் காய்ந்து வத்தலாகியிருந்தது. அம்மாவும் இரண்டு சித்திகளும் ஒரு வாரம் குனிந்து உட்கார்ந்து, நல்ல சிவப்பு வத்தலைத் தனியாகவும், வெளுத்துப்போன சோடை வத்தலைத் தனியாகவும் பிரித்துக் குவித்திருந்தார்கள். அம்மா பிரித்த மூடை என்றால் வியாபாரி அவிழ்த்துப் பார்க்க மாட்டார், அப்படியே தூக்கி வண்டியில் போடுவார். சுற்றுவட்டாரத்தில் அந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. அம்மாவுக்கு அது கழுத்து நகையைவிடப் பெரிய பெருமை.

வியாபாரியின் வண்டி அன்று சாயங்காலம் வருவதாக இருந்தது. காலையில் எல்லோரும் உச்சிப்புளியில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினார்கள். "ஏலே, ஆடு வந்து மிதிக்காமப் பாத்துக்க. நாங்க வந்து மூடை பிடிச்சுக்கிறோம்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

நான் இரண்டு குவியலையும் விமர்சகக் கண்ணால் பார்த்தேன். உயிரே இல்லை. சிவப்பு ஒரு பக்கம், வெளுப்பு ஒரு பக்கம், ஒன்றோடொன்று உரையாடவே இல்லை. (வத்தல் எதுக்குடா உரையாடணும்னு கேக்க அங்கன ஆளில்ல.) நல்ல படைப்பில் முரண் வேண்டும் என்று வகுப்பு நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். சிவப்பைக் களம் முழுக்கப் பரப்பினேன். அதன்மேல் சோடையை அள்ளிச் சுழி சுழியாகத் தூவினேன். முதல் சுழி திருப்தி தரவில்லை, பலகையால் இழுத்துக் கலைத்தேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சுழி முடிந்ததும் அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்து, கண் எரிந்து, பாதிக் குருடனாக மோட்டார் ரூம் மேலே ஏறிப் படமெடுத்தேன். ஆடு ஒன்று வந்து பார்த்துவிட்டு, மிதிக்காமல் திரும்பிப் போனது. அந்த விவேகம் எனக்கு இல்லை.

அம்மா வேனிலிருந்து இறங்கிக் களத்தைப் பார்த்தார். திட்டவில்லை. யார் செய்தது என்று மட்டும் கேட்டார். நான்தான், காலேஜுக்கு என்றேன். பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். சித்திகளும் விசேஷ வீட்டு மல்லிகைப்பூவோடு உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். எரிகிற கண்ணோடு நான் சோடையைச் சிவப்பில் போடுவதைப் பார்த்த சின்னச் சித்தி, என்னைக் கையைப் பிடித்து எழுப்பி ஓரமாக நிறுத்தினார்.

முக்கால்வாசி முடிந்து நான்கு மூடை கட்டியிருந்தபோது வியாபாரி வந்துவிட்டார். களத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு ஒரு மூடையின் கட்டை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"சும்மா ஒரு பார்வைதான். தப்பா நெனைக்காதீக, அக்கா."

"பாருங்க" என்றார் அம்மா.

அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வத்தல் நெடி என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

என் கட்டுரைக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். 'இந்தப் படத்தில் உழைப்பின் வலி தெரிகிறது' என்று பேராசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார். வலி இருக்கத்தான் செய்தது, அம்மாவின் இடுப்பில். அடுத்த இரண்டு வருடம் வியாபாரி எங்கள் மூடையை அவிழ்த்துப் பார்த்த பிறகுதான் தூக்கினார். மூன்றாம் வருடம்தான் பழையபடி கட்டோடு எடுத்தார். அம்மா அன்றைக்கு எனக்கு போன் போட்டு, அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதற்குள் நான் படித்து முடித்து, ஓவியக் கண்காட்சிகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்க ஆரம்பித்திருந்தேன். பெண் பார்க்கப் பரமக்குடிக்குப் போனோம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"நல்லதையும் சோடையையும் ஒண்ணாக் கலந்து விட்டுட்டு, அது நல்லாருக்குன்னு நாலு பக்கம் எழுதுவான்."

இத்தனை வருடத்தில் என் தொழிலை இவ்வளவு துல்லியமாக யாரும் விளக்கியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சிரித்த அந்தப் பெண் இப்போது என் மனைவி. நான் கட்டுரை எழுத உட்கார்ந்தால், "இன்னைக்கு எத்தனை மூடை?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி வைக்கிறாள்.