தொட்டியைத் தொடாத குழாய்

வானம் கறுத்தது. பேச்சாளர் முகம் வெளுத்தது.

மூன்று வருஷமாக மழையே பார்க்காத ஊர். தெருவே வாசலில் நின்று மேகத்தைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தது. அவர் மட்டும், "கலைஞ்சு போயிடு சாமி" என்று உள்ளுக்குள் கெஞ்சினார்.

மழைநீரைச் சேமிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போய் முழங்குவதுதான் அவர் உத்தியோகம். சொந்த வீட்டிலோ, மாடியிலிருந்து இறங்கும் குழாய் நிலத்தடித் தொட்டியைத் தொடவே இல்லை. பள்ளம் தோண்டச் சோம்பல்பட்டு, நுனியைச் சும்மா மண்ணில் செருகி, "வேலை முடிஞ்சுது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளோ அந்தத் தொட்டியை நம்பி, தண்ணீரில்லாமல் மூடிய தன் நாற்றுப் பண்ணையை மறுபடி திறக்கப் போவதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தூரத்தில் இடி உறுமியது. 

"என்னங்க, மழை வருது! தொட்டி ரொம்பிடும்ல?"

"ரொ... ரொம்பாம?"

"ஏன் நாக்கு குழறுது?"

"சந்தோஷம்மா!"

இடிக்காவது இடிதாங்கி உண்டு. இவளுக்கு? அவள் உள்ளே போனதும் ஒரு யோசனை பிறந்தது. மாடியில் குழாய் வாயைப் பழைய துண்டால் அடைத்துவிட்டால், "குப்பை அடைச்சுக்கிச்சு" என்று தப்பித்துவிடலாம்.

ஏணியைச் சாத்தி ஏறினார்.  துண்டைத் திணிக்கக் குனிந்தபோது கீழே கரகரவென்று சத்தம். எட்டிப் பார்த்தார். மனைவி ஏணியை இழுத்துச் சுவரோரம் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, ஏணி! மின்னல் வெட்டுதும்மா!"

"அது எங்கேயோ வெட்டுது. கையில என்ன துண்டு?"

பளீரென்று இன்னொரு மின்னல். அவருக்குள் இருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"குழாய் தொட்டியில சேரவே இல்லம்மா! மண்ணுல சொருகி ஏமாத்திட்டேன்! திட்டுறதெல்லாம் அப்புறம் திட்டு, முதல்ல ஏணியை வை!"

  அவள் வீசிய துடைப்பம் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது.

"நீங்க போன வாரம் வெளியூர்ல முழங்கிட்டு இருந்தப்பவே ஆள் வெச்சுக் குழாயைச் சேத்தாச்சு," என்றாள். "மூணு வருஷத்துத் தூசியும் காக்கா எச்சமும் தொட்டிக்குள்ள போயிடக் கூடாதேன்னுதான் தவிச்சுக்கிட்டு இருந்தேன். மாடியைக் கூட்டத்தாங்க எனக்கு ஆளே கிடைக்கல!"